சும்மா உட்கார்ந்திருக்க 2,000 கோடி டாலர்

2023 நவம்பர் 13. வாஷிங்டன் ஃபெடரல் நீதிமன்றத்தில் கூகுளின் தேடல் ஏகபோகத்துக்கு எதிராக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு கடைசி வாரத்தை எட்டியிருந்தது. சாட்சி இருக்கையில் சிகாகோ பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கெவின் மர்ஃபி. கூகுள் தனக்காக அழைத்து வந்த சாட்சி. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போனவர், பேச்சுவாக்கில் ஓர் எண்ணையும் சொல்லிவிட்டார். ஆப்பிளின் சஃபாரி உலாவி வழியாக நடக்கும் தேடல்களால் கூகுளுக்கு வரும் விளம்பர வருமானத்தில் 36 சதவீதம் ஆப்பிளுக்குப் போகிறது.

கூகுளின் முதன்மை வழக்கறிஞர் ஜான் ஷ்மிட்லைன் முகம் சுளித்ததை அங்கிருந்த நிருபர்கள் எழுதினார்கள். சுளிக்காமல் என்ன செய்வார்? இந்த விவரங்கள் வெளியே வரக்கூடாது என்றுதான் இரண்டு நிறுவனங்களும் அத்தனை வாரமும் நீதிபதியிடம் கேட்டுக்கொண்டிருந்தன. பத்திரிகையாளர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நடத்திய விசாரணைகளே ஏராளம். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்தது, தன் பக்கத்துச் சாட்சி வாயாலேயே போயிற்று. மறுநாள் சான் பிரான்சிஸ்கோவில் எபிக் கேம்ஸ் தொடுத்த வேறொரு வழக்கில் சாட்சி சொல்ல வந்த கூகுள் தலைமை அதிகாரி சுந்தர் பிச்சையிடம் இதைக் கேட்டார்கள். சரிதான் என்று ஒப்புக்கொண்டார்.

அந்த 36 சதவீதம் எதற்கான கூலி? ஆப்பிள் கூகுளுக்காக எந்தப் பொருளும் செய்து தருவதில்லை. ஐபோனைப் பெட்டியிலிருந்து எடுத்து, சஃபாரியைத் திறந்து, மேலே இருக்கும் பட்டையில் ஒரு சொல்லைத் தட்டினால் அது கூகுளுக்குப் போகும்படி முன்கூட்டியே அமைத்து வைத்திருக்கிறது. அவ்வளவுதான். டிஃபால்ட் என்று நாம் சொல்லும் அந்த ஓர் இடத்துக்காக 2022இல் மட்டும் ஆப்பிளுக்குக் கூகுள் கொடுத்தது 2,000 கோடி டாலர். அன்றைய மதிப்பில் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஆப்பிள், சாம்சங், மொசில்லா, அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் என்று எல்லாருக்கும் சேர்த்து 2021இல் கொடுத்தது 2,630 கோடி டாலர்.

இவ்வளவு கொடுக்கும் நிறுவனம் நீதிமன்றத்தில் சொன்ன வாதம், எங்கள் சரக்கு உலகத்திலேயே சிறந்தது, அதனால்தான் மக்கள் எங்களிடம் வருகிறார்கள் என்பது. சிறந்ததாகவே இருக்கட்டும். தானாக வருகிறவர்களுக்காக வாசலில் இவ்வளவு பணத்தைக் கொட்டுவானேன்? வழக்கின் ஆயிரக்கணக்கான பக்கங்களையும் வடிகட்டினால் அரசுத் தரப்பு கேட்ட கேள்வி இது ஒன்றுதான்.

வழக்கு தொடுக்கப்பட்டது 2020 அக்டோபர் 20 அன்று. டிரம்ப்பின் முதல் ஆட்சி. வில்லியம் பார் அட்டர்னி ஜெனரல். கூடவே 11 மாநிலங்கள் கையெழுத்திட்டன. விசாரணை நடந்தது பைடன் காலத்தில். தண்டனை என்ன என்ற வாதம் மறுபடியும் டிரம்ப் காலத்தில். அமெரிக்காவில் இந்தக் கட்சி செய்ததை அந்தக் கட்சி கலைப்பதுதான் வழக்கம். கூகுள் விஷயத்தில் மட்டும் கோப்பு கைமாறிக் கைமாறிச் சேதாரமில்லாமல் வந்தது. அடிப்படை 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம். எண்ணெய், ரயில் முதலாளிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் எழுதியது. அந்தச் சட்டப்படி பெரிய நிறுவனமாக இருப்பது குற்றமில்லை. சந்தை முழுவதும் கையில் இருப்பதுகூடக் குற்றமில்லை. கைக்கு வந்த சந்தையை வேறு யாரும் தொட்டுவிடாதபடி குறுக்கு வழியில் கட்டிக் காப்பதுதான் குற்றம்.

இதே சட்டத்தின் கீழ் 1998 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். விண்டோஸோடு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கட்டிக் கொடுத்து போட்டி உலாவியான நெட்ஸ்கேப்பை ஒழித்தது என்பது புகார். நிறுவனத்தை இரண்டாக உடைக்கச் சொல்லி 2000இல் உத்தரவு வந்தது. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உடைப்பதை ரத்து செய்தது. செய்தது குற்றம் என்பதை மட்டும் உறுதிசெய்தது. அந்த வழக்கு தொடங்கி நான்கு மாதம் கழித்து, கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் இரண்டு மாணவர்கள் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். அதுதான் கூகுள். மைக்ரோசாஃப்ட் வழக்கு தங்களுக்குப் பாதை திறந்துவிட்டது என்று கூகுள்காரர்கள் அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை.

ஆனால் டிஃபால்ட்டின் பலத்தை 2005இல் அவர்களே சொல்லியிருக்கிறார்கள், ஒரு கடிதத்தில்.

2023 அக்டோபர் 30 அன்று பிச்சையைக் குறுக்கு விசாரணை செய்யும்போது அரசுத் தரப்பு அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டியது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த பிச்சை 2004இல் கூகுளில் சேர்ந்தவர். கடிதம் எழுதப்பட்டபோது அவர் பெரிய பதவியில் இல்லை. எழுதியவர் கூகுளின் அன்றைய சட்டத்துறைத் தலைவர் டேவிட் டிரம்மண்ட். யாருக்கு? மைக்ரோசாஃப்ட்டுக்கு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7 வரப்போகிறது, அதில் தேடல் பெட்டிக்கு உங்கள் எம்எஸ்என்னை டிஃபால்ட்டாக வைக்கப்போகிறீர்களாமே, அது நியாயமில்லை, பயனாளரிடம் கேட்டுவிட்டு வையுங்கள் என்று மன்றாடும் கடிதம். பெரும்பாலானவர்கள் டிஃபால்ட்டை மாற்றுவதில்லை என்பது உங்களுக்கே தெரியும் என்று அதில் ஒரு வரி. பதினெட்டு வருஷம் கழித்து, டிஃபால்ட்டை மாற்றுவது இரண்டு தட்டல் வேலை என்று வாதாடிக்கொண்டிருந்த நிறுவனத்தின் முன்னால் அந்த வரியை வைத்தார்கள். அரசு வழக்கறிஞருக்கு அன்று இரவு நல்ல தூக்கம் வந்திருக்கும்.

பிச்சையே எழுதிய மின்னஞ்சல் ஒன்றும் வந்தது. 2007ஆம் ஆண்டு. ஆப்பிளோடு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். சஃபாரியில் நாம் மட்டுமே இருப்பது பயனாளருக்கும் நல்லதில்லை, வெளியே பார்க்கிறவர்களுக்கும் நன்றாகப் படாது, யாஹூவையும் ஒரு தெரிவாக வைக்கலாமே என்ற தொனியில் நிறுவனர்களுக்கு எழுதியிருக்கிறார். அப்போது அவர் உலாவி, டூல்பார் விவகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். சொன்னது சரியான யோசனைதான். அந்த யோசனையை அன்றைக்கே எடுத்துக்கொண்டிருந்தால் அவர் அந்த நாற்காலியில் உட்கார வேண்டி வந்திருக்காதோ என்னவோ.

இந்த வழக்கில் எங்கே திரும்பினாலும் இந்தியப் பெயர்தான். நீதிபதி அமித் மேத்தா குஜராத்தின் பாட்டனில் பிறந்தவர். அரசுத் தரப்பு சாட்சியாக மைக்ரோசாஃப்ட்டின் சத்ய நாதெல்லா, ஹைதராபாத்காரர். காலையில் எழுந்து பல் துலக்கினால் அடுத்த வேலை கூகுளில் தேடுவதுதான் என்று ஆகிவிட்ட பழக்கத்தை டிஃபால்ட்டை மாற்றாமல் உடைக்க முடியாது என்று அவர் சொன்னார். ஆப்பிளில் அந்த இடம் கிடைக்குமானால் வருஷத்துக்கு 1,500 கோடி டாலர் வரை நஷ்டப்படவும் தயார் என்றார். ஆப்பிள் மசியவில்லை. மைக்ரோசாஃப்ட் தன் தேடுபொறியான பிங்கைச் சும்மாவே கொடுத்தாலும், நிறுவனத்தையே கொடுத்தாலும் வேண்டாம் என்பது ஆப்பிளின் எடி க்யூ சொன்ன பதில்.

மைக்ரோசாஃப்ட் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அடிவாங்கிய பழைய சண்டியர் புது சண்டியரைப் பற்றிப் புகார் சொல்வதில் கொஞ்சம் நகைப்பும் இருக்கிறது. அதைவிட ஸ்ரீதர் ராமசாமியின் கதை கனமானது. ஐஐடி மெட்ராஸ் மாணவர். கூகுளில் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்து, விளம்பரப் பிரிவுக்கே தலைமை வகித்தவர். இந்தப் பணம் எங்கிருந்து எப்படி வருகிறது என்பது அவரைப்போல் தெரிந்தவர்கள் உலகத்தில் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். வெளியே வந்து 2019இல் நீவா என்ற தேடுபொறியைத் தொடங்கினார். விளம்பரமே கிடையாது, மாதச் சந்தா. தொழில்நுட்பத்துக்கும் பணத்துக்கும் குறைவில்லை. பயன்படுத்தியவர்களுக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் உலாவிக்குள் போய் டிஃபால்ட்டை மாற்றி நீவாவை வையுங்கள் என்று சாதாரண ஆட்களைச் சம்மதிக்க வைப்பது மலையைப் புரட்டுகிற வேலையாக இருந்தது. 2023இல் கடையைக் கட்டினார். அதே ஆண்டு நீதிமன்றத்துக்கு வந்து, தன் பழைய நிறுவனத்துக்கு எதிராக அதைச் சொன்னார். மற்றச் சாட்சிகளுக்கு இல்லாத ஒன்று அவருக்கு இருந்தது: சுவரின் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர்.

கூகுள் தரப்பில் பலமே இல்லையா என்றால், இருந்தது. மொசில்லா 2014இல் ஃபயர்ஃபாக்ஸின் டிஃபால்ட்டை யாஹூவுக்கு மாற்றியது. ஆட்கள் முணுமுணுத்தபடி கூகுளுக்குத் திரும்பினார்கள். 2017இல் மொசில்லாவும் திரும்பிவிட்டது. 2021இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் கூகுள் வழக்கறிஞர் ஒருவர், பிங்கில் மக்கள் அதிகம் தேடும் சொல் கூகுள் என்று சொல்லி நீதிமன்றத்தையே சிரிக்க வைக்கப் பார்த்தார். இதெல்லாம் உண்மைதான். ஆனால் மேத்தாவின் தீர்ப்பில் இருக்கும் இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் எட்ஜ் உலாவியில் பிங்தான் டிஃபால்ட். அங்கே நடக்கும் தேடல்களில் சுமார் 80 சதவீதம் பிங்கில் நடக்கிறது. கூகுளுக்கு 20 சதவீதம்தான். உலகமே கூகுளைத்தான் விரும்புகிறது என்றால் அந்த 80 சதவீதம் ஏன் இடம் மாறவில்லை? சிரமம் பார்க்காமல் மாற்றுகிறவர்கள் கூகுளுக்கு மாறுகிறார்கள். பெரும்பாலானவர்கள் மாற்றுவதே இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நிஜம்.

கூகுளுக்கும் இது தெரியும். சஃபாரியின் டிஃபால்ட்டை இழந்தால் ஐபோன் தேடல்களில் 60 முதல் 80 சதவீதம் போய்விடும் என்று உள்ளுக்குள்ளேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் கண்ணுக்கு நேரான அடுக்கில் தங்கள் டப்பாவை வைக்கச் சொல்லி காலை உணவு சீரியல் கம்பெனிக்காரன் கடைக்காரனுக்குப் பணம் கொடுப்பதில்லையா, அதுபோலத்தான் இதுவும் என்பது கூகுள் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்த உவமை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடையில் குனிந்தால் கீழடுக்கில் மற்ற டப்பாக்கள் தெரியும். சஃபாரியின் பட்டையில் குனிந்து பார்க்க ஒன்றுமில்லை. அங்கே இருப்பது ஒரே டப்பா. மற்றவை செட்டிங்ஸ் என்ற கிடங்குக்குள், ஆப்ஸ், சஃபாரி, தேடுபொறி என்று கதவு கதவாகத் திறந்துகொண்டு போனால் கிடைக்கும்.

போட்டி இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகிறது, தேடல் இலவசம்தானே என்று கேட்பவர்களுக்குத் தீர்ப்பில் ஓர் இடம் இருக்கிறது. தேடலின் தரத்தைக் கணிசமாகக் குறைத்தால் வருமானம் எவ்வளவு குறையும் என்று 2020இல் கூகுள் ஓர் ஆய்வு செய்து பார்த்தது. பெரிதாகக் குறையாது என்று தெரிந்தது. வேறு போக்கிடம் இருக்கும் வாடிக்கையாளரை நம்பிப் பிழைக்கிற வியாபாரி இப்படி ஓர் ஆய்வை நினைத்துப் பார்க்கவே மாட்டான். விளம்பரத்திலும் அதே கதை. எழுத்து விளம்பரங்களின் விலையைக் கூட்டும்போது போட்டியாளர் என்ன விலைக்கு விற்கிறார் என்று கூகுள் பார்ப்பதேயில்லை என்று நீதிபதி கண்டார். அந்த விலையைக் கட்டுபவர் விளம்பரம் கொடுக்கும் கடைக்காரர். அவர் அதைப் பொருளின் விலையில் ஏற்றி நம்மிடம் வாங்கிக்கொள்வார்.

இன்னொரு விஷயம் நீதிபதியை எரிச்சலூட்டியது தீர்ப்பில் அப்பட்டமாகத் தெரிகிறது. கூகுள் ஊழியர்களின் சாட் செய்திகள் 24 மணி நேரத்தில் தானாக அழிந்துவிடும்படி வருஷக்கணக்காக வைத்திருந்தார்கள். சந்தை, ஆதிக்கம் போன்ற சொற்களை உள்கடிதங்களில் எழுதாதே என்று பயிற்சியே கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்ட் வழக்கில் பில் கேட்ஸை மாட்டிவைத்தவை அவருடைய மின்னஞ்சல்கள். அந்தப் பாடத்தைக் கூகுள் வேறு விதமாகப் படித்துக்கொண்டது போலிருக்கிறது. இந்த முறை தண்டிக்காமல் விடுகிறேன், அடுத்த வழக்கில் இந்த அதிர்ஷ்டம் இருக்காது என்கிற அர்த்தத்தில் மேத்தா எச்சரித்திருக்கிறார்.

2024 ஆகஸ்ட் 5 அன்று தீர்ப்பு. கூகுள் ஏகபோக நிறுவனம், அந்த ஏகபோகத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சட்டத்தை மீறி நடந்திருக்கிறது என்று மேத்தா முடிவுசெய்தார். அமெரிக்கத் தேடலில் அதன் பங்கு 89.2 சதவீதம், செல்பேசியில் 94.9. நாட்டில் நடக்கும் தேடல்களில் ஏறக்குறையப் பாதி, காசு கொடுத்து வாங்கிய இந்த டிஃபால்ட் வாசல்கள் வழியாகத்தான் போகின்றன.

குற்றம் நிரூபணமாகிவிட்டது. இனி என்ன செய்வது? கூகுளின் உலாவியான குரோமை விற்கச் சொல்லுங்கள் என்றது நீதித்துறை. விற்பனைக்கு வருமென்றால் வாங்க ஆசை என்று ஓப்பன்ஏஐ அதிகாரி சாட்சி சொன்னார். பெர்ப்ளெக்ஸிட்டி என்ற சின்ன நிறுவனம் 3,450 கோடி டாலருக்குக் கேட்டது. அப்போது அதன் சொந்த மதிப்பே அவ்வளவு கிடையாது. எடி க்யூ 2025 மே மாதம் மறுபடியும் வந்தார். சஃபாரியில் தேடல்கள் முதல்முறையாகக் குறைந்திருக்கின்றன, மக்கள் செயற்கை நுண்ணறிவு செயலிகளுக்குப் போகிறார்கள் என்று அவர் சொன்ன அன்று கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் பங்கு 7 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. கூகுள் பணம் நின்றுவிடுமோ என்று தூக்கம் கெட்டதாகவும் சொன்னார். உலகின் பணக்கார நிறுவனங்களில் ஒன்றின் அதிகாரி! மொசில்லாவின் நிலைமை அப்படியல்ல, நிஜமாகவே பரிதாபம். ஃபயர்ஃபாக்ஸ் வருமானத்தில் 85 சதவீதம் போலக் கூகுளிடமிருந்துதான் வருகிறது. கூகுளுக்குப் போட்டியாக இருக்கவேண்டிய உலாவி கூகுள் காசில் மூச்சு விடுகிறது.

2025 செப்டம்பர் 2 அன்று வந்த உத்தரவில் குரோம் தப்பியது. ஆண்ட்ராய்டும் தப்பியது. வேறு யாரையும் சேர்க்காதே என்று கட்டிப்போடும் ஒப்பந்தங்களுக்குத் தடை. அந்தத் தடை கூகுளின் செயற்கை நுண்ணறிவுச் செயலியான ஜெமினிக்கும் பொருந்தும். தேடல் தரவுகளில் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளர்களுக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் டிஃபால்ட் இடத்துக்குக் காசு கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் வாங்குகிறவர்கள் நொடிந்துபோவார்கள் என்பதும், சாட்ஜிபிடி போன்றவை களத்தையே மாற்றிக்கொண்டிருக்கின்றன என்பதும் நீதிபதி சொன்ன காரணங்கள். வருங்காலத்தைக் கணிப்பது நீதிபதிக்குக் கைவந்த கலை அல்ல என்று அவரே எழுதியிருக்கிறார்.

அடக்கமான நீதிபதி, சந்தேகமில்லை. ஆனாலும் எந்தப் பணம் குற்றத்தின் கருவி என்று ஒரு தீர்ப்பு விலாவாரியாக நிறுவியதோ, அதே பணம் தொடர்ந்து ஓடலாம் என்று அடுத்த உத்தரவு சொல்வது தொண்டையில் முள்ளாக நிற்கிறது. பங்குச் சந்தைக்கு அந்தக் குழப்பம் இல்லை. மறுநாள் ஆல்ஃபபெட் பங்கு சுமார் 9 சதவீதம் ஏறியது. அந்த மாத நடுவிலேயே நிறுவனத்தின் மதிப்பு 3 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. ஏகபோகக் குற்றவாளி என்று தீர்ப்பான நிறுவனம்! பின்னால் வந்த இறுதி ஆணையில் ஒரு கடிவாளம் போட்டார்: டிஃபால்ட் ஒப்பந்தம் எதுவும் ஒரு வருஷத்துக்கு மேல் நீளக்கூடாது. வருஷா வருஷம் புதிதாகப் பேரம் பேச வேண்டும்.

இந்தியாவில் இந்தச் சண்டைக்கு இன்னும் பழைய வேர் உண்டு. சென்னையிலிருந்து பாரத் மேட்ரிமோனி நடத்தும் மேட்ரிமோனி டாட் காம் 2012இலேயே கூகுள் மீது இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது. 2018இல் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. ஆண்ட்ராய்டு வழக்கில் 2022 அக்டோபர் 20 அன்று விதித்த அபராதம் 1,337.76 கோடி. அதற்குப் பிறகு, ஆண்ட்ராய்டு போனில் டிஃபால்ட் தேடுபொறியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் கூகுள் இந்தியாவுக்காக அறிவித்தது. ஐரோப்பாவில் இதே தெரிவுத் திரை முன்பே வந்தது; கூகுளின் பங்கு அசைந்த மாதிரித் தெரியவில்லை. இருபது வருஷப் பழக்கத்தைக் கடைசியில் ஒரு திரை வைத்து மாற்றப் பார்ப்பது காலம் கடந்த வைத்தியம்.

2026 ஜனவரியில் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து ஓர் அறிவிப்பு விட்டன: ஆப்பிளின் குரல் உதவியாளரான சிரியின் புதிய வடிவத்துக்கு அடித்தளமாக இருக்கப்போவது ஜெமினி. அதே மாதம் கூகுள் தன் மேல்முறையீட்டையும் தாக்கல் செய்தது. வழக்கு போயிருப்பது, 2001இல் மைக்ரோசாஃப்ட் தீர்ப்பை எழுதிய அதே வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. போட்டியாளர்களுக்குத் தேடல் தரவைக் கொடுக்கச் சொல்லும் பகுதியை முடிவு வரும்வரை நிறுத்திவைக்க வேண்டும் என்பது கூகுளின் கோரிக்கை.